சாவியும் ஒட்டகமும்

அரசியலில் நிரந்தர நண்பனும் இல்லை, நிரந்தரப் பகைவனும் இல்லை என்ற வாசகம் நம் நாட்டில் ஒவ்வொரு தேர்தலுக்கும் மறுநாள் புழக்கத்துக்கு வந்துவிடும். நேற்றுவரை மேடைக்கு மேடை ஒருவரையொருவர் கள்வன் என்றும் துரோகி என்றும் ஏசிக் கொண்டவர்கள் இன்று ஒரே வரிசையில் நின்று சத்தியப்பிரமாணம் செய்கிறார்கள். அதைப் பார்ப்பவனுக்கு வருகிற குமட்டலை அடக்குவதற்கென்றே யாரோ இந்த வாசகத்தைத் தயாரித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். சொல்பவர் பெரும்பாலும் பதவி பெற்றவராகவோ, பெறக் காத்திருப்பவராகவோ இருப்பார். சுவரொட்டி ஒட்டப் போய் அடி வாங்கி வந்தவன் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனாலும் இதை வெறும் சாட்டு என்று தள்ளிவிடவும் முடியவில்லை. புதிதாக ஆட்சிக்கு வந்த ஒரு ஜனாதிபதி, தன்னோடு போட்டியிட்டவரை, அல்லது தன்னைத் தோற்கடிக்க உழைத்தவரை அழைத்து ஓர் அமைச்சைக் கையில் கொடுக்கிறார் என்றால் அந்தச் செயலை எப்படி மதிப்பிடுவது? பெருந்தன்மை என்பதா, தந்திரம் என்பதா, கைக்கூலி என்பதா? நாம் ஆளைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிப் பழகியவர்கள். நமக்குப் பிடித்தவர் செய்தால் பெருந்தன்மை, பிடிக்காதவர் செய்தால் கைக்கூலி.

2008 டிசம்பரில் பராக் ஒபாமா, கட்சியின் வேட்பாளர் தெரிவில் தன்னோடு மாதக் கணக்காக மோதிய ஹில்லரி கிளின்டனை இராஜாங்கச் செயலாளர் பதவிக்கு அறிவித்தபோது உலகமே அதை வியந்து பேசியது. உடனே எல்லோருக்கும் ஆபிரகாம் லிங்கன் நினைவுக்கு வந்தார். 1860 இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் வில்லியம் சீவார்ட்தான் என்று பலரும் எதிர்பார்த்திருந்தார்கள். அவரைத் தாண்டி வந்த லிங்கன், அவரையே இராஜாங்கச் செயலாளராக்கினார். இன்னொரு போட்டியாளரான சால்மன் சேஸிடம் திறைசேரியை ஒப்படைத்தார். இப்படியொன்று நம் நாட்டில் நடக்குமா என்று அந்த நாட்களில் நம்மவர்களும் ஏக்கத்தோடு பேசிக் கொண்டார்கள். நடக்காதது போல! நம் நாட்டில் அது நடந்திருக்கிற தடவைகளுக்குக் குறைவே இல்லை. நுவரெலியா மாவட்டத்துக்குள் நின்று பார்த்தாலே போதும். குறைவாக இருப்பது, நடந்ததை நிறுத்துப் பார்க்க ஒரு படிக்கல். எனக்குத் தெரிந்த படிக்கல் ஸீறாவில் இருந்துதான் கிடைக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டு மலைக்கு வருகிறேன்.

ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு மக்கா வெற்றி கொள்ளப்பட்ட கையோடு ஹுனைன் யுத்தம் நடந்தது. அதில் கிடைத்த கனீமத் பொருட்கள் ஜிஃரானா என்ற இடத்தில் பங்கிடப்பட்டன. நேற்றுவரை எதிரணியில் நின்ற குறைஷித் தலைவர்களுக்கும் கோத்திரத் தலைவர்களுக்கும் நபி (ஸல்) அவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அபூ ஸுஃப்யானுக்கு நூறு ஒட்டகம், அக்ரஃ இப்னு ஹாபிஸுக்கு நூறு, உயைனா இப்னு ஹிஸ்னுக்கு நூறு. மதீனாவில் வீட்டையும் தோட்டத்தையும் பங்கு போட்டுக் கொடுத்த அன்ஸாரிகளுக்கு ஒன்றுமில்லை. அவர்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. நபியவர்கள் அவர்களைத் தனியே ஒரு கூடாரத்தில் கூட்டிப் பேசினார்கள். என்ன பேசப்பட்டது என்பதையும், தாடி நனைய அவர்கள் அழுததையும் மீலாத் மஜ்லிஸ்களில் நாம் கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். உள்ளங்களை இணக்குவதற்காகக் கொடுக்கப்பட்ட அந்தப் பங்குக்குக் குர்ஆனிலேயே இடமுண்டு; ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் இவர்களும் ஒரு கூட்டம்.

இந்தச் சம்பவத்தைக் காட்டி, எதிரிக்குப் பதவி கொடுப்பது சுன்னத்தான காரியம் என்று பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அன்று கொடுக்கப்பட்டது ஒட்டகம். ஒட்டகம் பொருள். கொடுத்தால் கொடுத்ததுதான், அதை வைத்துக்கொண்டு அபூ ஸுஃப்யான் பிறர் தலையில் ஏற முடியாது. பதவியோ பிறருடைய வாழ்வைத் திறந்து மூடுகிற சாவி. அதற்கு வேறு சம்பவம் இருக்கிறது, அதே மக்கா வெற்றியின் போதே.

கஃபாவின் சாவி பரம்பரை பரம்பரையாக உஸ்மான் இப்னு தல்ஹாவின் குடும்பத்தாரிடம் இருந்தது. ஹிஜ்ரத்துக்கு முன்னர் ஒரு நாள் நபியவர்கள் உள்ளே நுழைய விரும்பியபோது மறுத்தவர் அவர். மக்கா கைக்கு வந்த நாளில் சாவி வாங்கப்பட்டது, கதவு திறக்கப்பட்டது. ஹாஜிகளுக்கு நீர் புகட்டும் பொறுப்போடு இந்தச் சாவியையும் எங்களுக்கே தாருங்கள் என்று நபியவர்களின் சொந்தக் குடும்பத்தார் கேட்டார்கள். கேட்டவர் அலி (ரழி) என்றும் அப்பாஸ் (ரழி) என்றும் அறிவிப்புகள் இருக்கின்றன. கொடுக்கப்படவில்லை. உஸ்மான் இப்னு தல்ஹாவைக் கூப்பிட்டு அவரிடமே சாவி திருப்பி ஒப்படைக்கப்பட்டது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கச் சொல்கிற ஸூரா அந்நிஸாவின் வசனத்தை இந்தச் சம்பவத்தோடு சேர்த்தே முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். அந்தச் சாவி ஷைபா குடும்பத்தாரிடம் இன்றும் இருக்கிறது.

அதே ஆண்டு அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள் இஸ்லாத்துக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அதற்கு முன் அவர் எத்தகைய எதிரி என்பது ஸீறா படித்தவர்களுக்குத் தெரியும். அபிஸீனியாவுக்கு அகதிகளாய்ப் போனவர்களைத் திருப்பித் தரும்படி நஜ்ஜாஷி மன்னரிடம் வாதாடப் போனவர். தாதுஸ் ஸலாஸில் படையெடுப்புக்கு அவரே தளபதியாக்கப்பட்டார். துணைக்கு அனுப்பப்பட்ட படையில் அபூபக்ர், உமர் (ரழி) இருவரும் இருந்தார்கள். அவர் கட்டளையின் கீழ் நின்றார்கள். அவருடைய தந்தைவழிப் பாட்டி அந்தப் பிரதேசத்துப் பலீ கோத்திரத்தவர். யுத்தம் தெரிந்தவர், ஆட்களைத் தெரிந்தவர். வேலைக்குப் பொருத்தமானவர் என்பதற்கு மேல் வேறு காரணம் தேவைப்படவில்லை. இவ்வளவு பெரிய பொறுப்பைத் தந்தபடியால் நபியவர்களுக்கு மிகவும் பிரியமானவன் நான்தான் போலும் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. திரும்பி வந்ததும் கேட்டே விட்டார். ஆயிஷாவின் பெயர் வந்தது, ஆண்களில் யார் என்று கேட்க அவருடைய தந்தையின் பெயர் வந்தது, பிறகு உமர், பிறகு இன்னும் பலர். தன் பெயர் கடைசியில் வந்துவிடுமோ என்று பயந்து கேட்பதை நிறுத்திக் கொண்டதாக அவரே பின்னாளில் அறிவித்திருக்கிறார். ஸஹாபாக்களின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இதுவும் ஒன்று. பதவி ஒரு பக்கம், பிரியம் இன்னொரு பக்கம். ஒன்றை வைத்து மற்றதை அளக்க இடமில்லை.

இந்தப் படிக்கல்லோடு மலைக்கு வருவோம்.

1977 ஜூலைத் தேர்தலில் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதி மூன்று அங்கத்தவர் தொகுதி. முதலாவதாகக் காமினி திசாநாயக்க, ஐக்கிய தேசியக் கட்சி. இரண்டாவதாக அநுர பண்டாரநாயக்க, சுதந்திரக் கட்சி. மூன்றாவதாகச் சௌமியமூர்த்தி தொண்டமான், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். மூவரும் ஒரே மக்களிடம் ஒருவருக்கெதிராக ஒருவர் வாக்குக் கேட்டு வந்தவர்கள். 1978 பெப்ரவரி 4 இல் ஜே.ஆர். ஜயவர்தன நாட்டின் முதலாவது நிறைவேற்று ஜனாதிபதியானார். அதே ஆண்டு செப்டெம்பரில் தொண்டமான் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சராக அவருடைய அமைச்சரவையில் வந்து அமர்ந்தார், காமினி திசாநாயக்கவோடு ஒரே மேசையில். அநுரவும் பின்னால், 1993 இல், ஐ.தே.க. அரசில் உயர் கல்வி அமைச்சரானார். மூவரும் ஆளுந்தரப்பு அமைச்சுப் பதவியைப் பார்த்துவிட்டார்கள்.

வரலாற்றுப் பாடத்தில் இந்தக் கட்டத்தை விளங்கப்படுத்துவது லேசில்லை. "சேர், அப்ப தொண்டமான் ஐயா எதிர்க்கட்சியா ஆளுங்கட்சியா?" என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். 1948 இல் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியபோது எதிர்த்து நின்றவர்களில் அவர் ஒருவர். அந்த அரசாங்கத்தின் நிதி அமைச்சர் அதே ஜே.ஆர். ஜயவர்தன. முப்பது வருடத்துக்குப் பிறகு அவரிடமிருந்தே அமைச்சுப் பத்திரத்தை வாங்குகிறார். அதற்கு இரண்டு வருடம் முன்புவரை அவர் தமிழர் விடுதலைக் கூட்டணியின் மூன்று தலைவர்களில் ஒருவராகச் செல்வநாயகத்தோடும் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தோடும் இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளின் குழப்பம் கூடுமே தவிர குறையாது.

ஜே.ஆருக்கு ஒரு வாக்கும் தேவைப்படவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 168 ஆசனங்களில் 140 அவர் கையில். பின் ஏன் அழைத்தார்? தோட்டங்களில் தொழிற்சங்க அமைதி வேண்டியிருந்தது, தமிழ்க் கட்சிகள் ஒன்றாக நிற்பதை உடைக்க வேண்டியிருந்தது என்று காரணம் கற்பிக்கலாம். அடுத்த வருடமே கூட்டணியின் மட்டக்களப்பு உறுப்பினர் இராஜதுரையும் அமைச்சரானது அந்த ஊகத்துக்கு வலுச் சேர்க்கிறது. இதே ஜே.ஆர். இன்னொரு போட்டியாளரை என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 1980 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் ஏழு வருடத்துக்குப் பறிக்கப்பட்டன. ஜனாதிபதித் தேர்தலில் எதிர்த்து நிற்கக் கூடியவருக்கு வாசல் அடைக்கப்பட்டது. ஒருகாலும் ஜனாதிபதியாக முடியாதவருக்கு ஆசனம் கிடைத்தது. ஜே.ஆரின் பெருந்தன்மைக்கு எல்லை எங்கே இருந்தது என்பது இதில் தெரிகிறது. லிங்கனும் ஒபாமாவும் அழைத்தவர்கள், தங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கக் கூடியவர்கள்.

ஆனால் கொடுப்பவனின் நோக்கம் கோணலாக இருந்தால் வாங்கியதும் கோணல்தான் என்று முடிவு கட்டிவிட முடியுமா? தொண்டமான் விஷயத்தில் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவர் அமைச்சுக்குப் போகும்போது தொழிற்சங்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லை. 1984 இல் அமைச்சரவையில் இருந்துகொண்டே சம்பளத்துக்காகத் தோட்டங்களை வேலைநிறுத்தத்தில் இறக்கினார். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது அந்த வருடம்தான் வந்தது. 1986 ஜனவரியில் பிரார்த்தனைப் போராட்டம் என்ற பெயரில் தோட்டங்களில் வேலை நின்றது. அந்த வருடமும் 1988 இலும் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டங்கள் நிறைவேறின. லயத்துக் காம்பராவில் பிறந்த ஒருவர் இன்று அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாக்களிக்கப் போகிறார் என்றால் அதில் அந்த அமைச்சு நாற்காலிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அவருக்குக் கொடுக்கப்பட்டது ஒட்டகமாகவே இருக்கலாம்; அவர் அதைச் சாவியாகப் பயன்படுத்தினார்.

இதற்கு விலையும் இருந்தது. 1981 ஓகஸ்டிலும் 1983 ஜூலையிலும் மலையக மக்கள் தாக்கப்பட்டபோது, வீடும் கடையும் எரிந்தபோது, அவர் அந்த அரசாங்கத்தின் அமைச்சர். உள்ளே இருந்தபடியால் இன்னும் மோசமாகாமல் தடுத்தார் என்பார்கள் சிலர். உள்ளே இருந்து என்ன பிரயோசனம் என்பார்கள் சிலர். வீடு எரிந்தவன் இந்த இரண்டு வாதத்தையும் கேட்டுக்கொண்டு இருக்க மாட்டான். வாங்கியவர் பெற்றதை எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ண வேண்டும். மலையகத்தில் அந்தக் கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

அடுத்து வந்த ஜனாதிபதியின் கதை வேறு விதம். ரணசிங்க பிரேமதாச 1989 ஜனவரி 2 இல் பதவியேற்றார். கட்சியின் வேட்பாளராக அவர் வருவதற்கு முன் அந்த இடத்துக்குக் கண் வைத்திருந்தவர்கள் என்று காமினி திசாநாயக்கவையும் லலித் அத்துலத்முதலியையும் நாடே அறிந்திருந்தது. ஒருவர் மகாவலியைத் திருப்பியவர். நம் மாவட்டத்துக் கொத்மலை அணைக்கட்டை இன்றும் அவர் பெயரோடு சேர்த்துப் பேசுகிறார்கள். மற்றவர் ஒக்ஸ்போர்டில் படித்த சட்ட வல்லுநர். பிரேமதாசவோ கொழும்பு கெஹெல்வத்தையின் நெருக்கடியான தெருக்களில் இருந்து மேலே வந்தவர். பெரிய வீட்டுப் பிள்ளைகள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இந்தப் பகுதியை நம் எழுத்தாளர்கள் யாராவது நாவலாக எழுதியிருக்க வேண்டும்.

இருவருக்கும் அவர் அமைச்சுக் கொடுத்தார். லலித்துக்கு விவசாயம், காமினிக்குப் பெருந்தோட்டக் கைத்தொழில். ஆனால் இருவரும் எதிர்பார்த்த பிரதமர் பதவி, டி.பி. விஜேதுங்கவுக்குப் போனது. போட்டிக்கு வராத ஒருவரை இருவருக்கும் மேலே வைத்தாயிற்று. அடுத்த வருடம் மார்ச் மாதத்தில் காமினி அமைச்சரவையிலிருந்தே நீக்கப்பட்டார். லலித் கல்வி அமைச்சுக்கு மாற்றப்பட்டார். 1991 ஓகஸ்டில் இருவரும் சேர்ந்து ஜனாதிபதிக்கெதிராகக் குற்றப்பிரேரணை கொண்டு வந்தார்கள். சபாநாயகராக இருந்தவர் நம்மவரான எம்.எச். முஹம்மத். முதலில் ஏற்றுக்கொண்ட பிரேரணையை அவர் பின்னர் நிராகரித்தார். கட்சியிலிருந்து விலக்கப்பட்டவர்கள் ஜனநாயக ஐக்கிய தேசிய முன்னணியைத் தொடங்கினார்கள். 1993 ஏப்ரல் 23 இல் லலித் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு நாள் கழித்து மே தின ஊர்வலத்தில் பிரேமதாச குண்டுக்குப் பலியானார். 1994 ஒக்டோபர் 24 இல் ஜனாதிபதி வேட்பாளராக மேடையில் நின்ற காமினியும் குண்டுக்குப் பலியானார். இந்த மரணங்களைப் பதவிப் போட்டியோடு முடிச்சுப் போடுவது என் நோக்கமில்லை. கட்சியின் உச்சியில் இருந்த மூவரும் பதினெட்டு மாதத்துக்குள் இல்லாமல் போனார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது, அவ்வளவுதான்.

பிரேமதாச அவர்களை அழைத்தது தவறா? என் பார்வையில், அழைத்ததில் தவறில்லை. பொறுப்பைக் கொடுத்துவிட்டு நம்பிக்கையைக் கையில் பிடித்துக் கொண்டதே தவறு. கட்சி உடையாமல் ஒரு வருடம் தாண்ட வேண்டியிருந்தது. தாண்டியதும் ஒட்டகம் திருப்பி வாங்கப்பட்டது. பெற்றவர்கள் பக்கமும் சுத்தமில்லை. தலைவர் என்று உள்ளத்தால் ஏற்றுக் கொள்ளாத ஒருவரின் கையால் பதவி வாங்குவது என்ன நேர்மை? லிங்கனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பதவியேற்று ஒரு மாதமாக முன்பே சீவார்ட், அரசின் போக்கைத் தானே நடத்தித் தருகிறேன் என்ற பாணியில் ஒரு குறிப்பை அனுப்பினார். செய்ய வேண்டியதை நான்தான் செய்ய வேண்டும் என்று லிங்கன் அமைதியாகப் பதில் சொன்னார். விஷயம் வெளியே வரவில்லை. சீவார்ட் காலப்போக்கில் அவருடைய நெருங்கிய துணைவரானார். சேஸ் அப்படி ஆகவில்லை. திறைசேரியில் இருந்துகொண்டே 1864 இல் லிங்கனுக்குப் பதிலாகத் தான் வேட்பாளராவதற்கு வேலை பார்த்தார். அந்த வருட நடுப்பகுதியில் அவருடைய இராஜினாமா ஏற்கப்பட்டது. டிசம்பரில் பிரதம நீதியரசர் பதவிக்கு லிங்கன் முன்மொழிந்ததும் அதே சேஸைத்தான். அப்போது லிங்கன் இரண்டாம் முறையும் வென்றுவிட்டிருந்தார். சேஸை விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த ஆசனத்துக்கு அவர் தகுதியானவர், கொடுக்கப்பட்டது.

எல்லா நியமனத்தையும் ஒரேயடியாகக் கேலி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2010 ஜனவரி 26 இல் தோற்ற வேட்பாளர் சரத் பொன்சேகா இரண்டே வாரத்தில், பெப்ரவரி 8 இல், கைது செய்யப்பட்டார். அமைச்சரவைக்கு அழைக்காவிட்டால் வேறு என்ன வழி இருக்கிறது என்பதை நம் நாடு அன்று காட்டியது. அதே பொன்சேகா 2016 இல் இன்னொரு ஜனாதிபதியின் கீழ் அமைச்சரானார். தோற்றவனைச் சிறையில் போடும் நாட்டைவிட அவனுக்கு நாற்காலி போடும் நாடு மேலானது என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆயினும் 2018 ஒக்டோபர் 26 இரவை மறந்துவிடவும் கூடாது. 2015 தேர்தலில் தோற்றிருந்தால் தன்னை மண்ணுக்குள் ஆறடியில் புதைத்திருப்பார்கள் என்று பகிரங்கமாகச் சொன்ன மைத்திரிபால சிறிசேன, அன்று தோற்கடித்த மஹிந்த ராஜபக்ஷவையே பிரதமராக்கினார். பெருந்தன்மை என்று அதற்குப் பெயர் சூட்ட அவருடைய ஆட்களே துணியவில்லை. பதவியில் இருந்த பிரதமரை அகற்றுவதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டார். டிசம்பர் 13 இல் உயர் நீதிமன்றம் பாராளுமன்றக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. இரண்டு நாளில் மஹிந்த விலகினார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பிறர் வீட்டைப் பற்றியே பேசி முடித்துவிட்டால் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

2010 ஜனவரியில் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் பொன்சேகாவுக்காக நின்றது. பள்ளிவாசல் முற்றங்களிலும் சந்தைகளிலும் நின்று நம் இளைஞர்கள் மஹிந்த ராஜபக்ஷவுக்கெதிராகப் பேசினார்கள். ஏப்ரலில் நடந்த பொதுத் தேர்தலிலும் எதிரணியில்தான் நின்றார்கள். செப்டெம்பர் 8 இல் பதினெட்டாவது திருத்தம் வந்தது. ஒருவர் எத்தனை தடவையும் ஜனாதிபதியாகலாம் என்ற திருத்தம். முஸ்லிம் காங்கிரஸ் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. நவம்பரில் ரவூப் ஹக்கீம் நீதி அமைச்சரானார். 2014 ஜூன் 15 இல் அளுத்கமவிலும் அயல் ஊர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்ட இரவில் நாட்டின் நீதி அமைச்சர் ஒரு முஸ்லிம். அவர் விலகியது டிசம்பர் 28 இல். ஜனாதிபதித் தேர்தலுக்குப் பதினொரு நாள் முன்.

ஹக்கீமுக்குத் தகுதி இருக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சட்டத்தரணி, நீதி அமைச்சுக்கு அவரைவிடப் பொருத்தமான ஒருவரைத் தேடுவது கஷ்டம். சாவி உரியவரிடம்தான் கொடுக்கப்பட்டது என்றே வாதாடலாம். என் கேள்வி வேறு. அந்தச் சாவியால் ஏதாவது கதவு திறந்ததா? தொண்டமானுக்கு 1983 இல் எழுந்த அதே கேள்வி 2014 இல் இவருக்கும் எழுகிறது. ஆனால் தொண்டமானின் பின்னால், சொன்னவுடன் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கக் கூடிய இலட்சக்கணக்கான கைகள் இருந்தன. அரசாங்கத்தில் இருந்துகொண்டே அரசாங்கத்தோடு மோத அவரால் முடிந்தது. நம்மிடம் அப்படியொரு கை இருக்கவில்லை. நம்மிடம் இருந்தது எட்டு வாக்குகள். அவை செப்டெம்பரிலேயே கொடுக்கப்பட்டுவிட்டன. பதவி நவம்பரில் வந்தது. வாக்கை முன்கூட்டிக் கொடுத்துவிட்டுப் பிறகு பேரம் பேசுபவனுக்குச் சந்தையில் என்ன மரியாதை கிடைக்கும் என்று நம் வியாபாரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதைவிடச் சிறிய இடங்களிலும் இதே நோய்தான். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தெரிவு நடக்கிறது. இரண்டு அணி, கடும் போட்டி. வென்றவர் ஊர் ஒற்றுமைக்காகத் தோற்றவரைப் பொருளாளராக்குகிறார். ஜமாஅத்தார் சந்தோஷப்படுகிறார்கள், ஸலவாத்துச் சொல்லிக் கலைகிறார்கள். அவருக்குக் கணக்கு எழுதத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. அவர் பின்னால் எத்தனை குடும்பம் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

முதலாவது கலீஃபாவின் காலத்தில், ஹுனைனில் நூறு ஒட்டகம் பெற்ற அதே அக்ரஃவும் உயைனாவும் திரும்பி வந்து நிலம் கேட்டார்கள். அபூபக்ர் (ரழி) எழுதிக் கொடுத்தார்கள். உமர் (ரழி) அந்த எழுத்தை அழித்தார்கள். அன்று இஸ்லாம் பலவீனமாக இருந்தது, உங்களை இணக்க வேண்டியிருந்தது, இன்று அந்தத் தேவை இல்லை என்பது அவர்களுடைய நியாயம். அந்தப் பங்கு இன்னும் உண்டா இல்லையா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. இணக்கக் கொடுப்பதற்குக் காலக்கெடு உண்டு என்பதை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். நம் நாட்டில் கெடுவே இல்லை. 2007 ஜனவரியில் எதிர்க்கட்சியிலிருந்து கூட்டமாகக் கடந்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து அமைச்சரவை ஐம்பதைத் தாண்டியது. ஒரே வேலையை மூன்றாகக் கிழித்து மூன்று பேருக்குப் பங்கிட்டார்கள். 2024 நவம்பரில் 159 ஆசனத்தோடு வந்த அரசாங்கம் யாரையும் அழைக்கவில்லை, இருபத்து மூன்று பேருக்குள் அமைச்சரவை அடங்கியது. நல்லதுதான். ஆனால் அது ஒழுக்கமா, வசதியா என்பதை ஆசனங்கள் குறைகிற ஒரு நாளில்தான் சொல்ல முடியும்.

கடைசியாக அன்ஸாரிகளைப் பற்றி. எதிரிக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது, கூட நின்றவனின் மனத்தாங்கலைச் சின்னத்தனம் என்று ஒதுக்கிவிடுகிறோம். நபியவர்கள் அப்படி ஒதுக்கவில்லை. முணுமுணுப்புக் காதில் விழுந்ததும் அவர்களைக் கூட்டி வைத்து, ஏன் கொடுத்தேன் என்று விளக்கினார்கள். மற்றவர்கள் ஆடும் ஒட்டகமும் ஓட்டிக்கொண்டு போக, அன்ஸாரிகளோடு அவர்களே மதீனாவுக்குத் திரும்பினார்கள். நம் தலைவர்கள் புதிய நண்பரைக் கட்டித் தழுவுகிற படம் பத்திரிகையில் வந்த பிறகு, தொகுதிக்கு வந்து பழைய ஆட்களைக் கூட்டி ஒரு மணித்தியாலம் விளக்கிய ஒரு சந்தர்ப்பத்தை எனக்குத் தெரியாது. மேலே சமாதானமாகி வருடங்கள் ஆனபின்னும், தேர்தல் இரவில் கொடி கட்டும் இடத்தில் நடந்த கைகலப்புக்காகப் பதிவான வழக்குக்கு, இரண்டு பக்கத்துப் பையன்களும் ஒரே பஸ்ஸில் ஏறித் தவணைக்குப் போய் வந்து கொண்டிருப்பார்கள்.